காசினோவுக்குத் திரும்பிப் போன கூடை

லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் இலவசம் ஒரு "டார்லிங்".

இல்ஃபோர்டில் இறங்க வேண்டியவன், சன்னலுக்கு வெளியே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும் செங்கல் வீடுகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே ராம்ஃபோர்டு வரை போய்விட்டேன். பிளாட்பாரத்தில் பெட்டியோடு திருதிருவென்று விழித்தபோது, கையில் வறுத்த கோழிப் பொட்டலத்தோடு வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், "என்ன டார்லிங், வழி தவறிவிட்டதா? எதிர்ப் பக்கம் போ டார்லிங். படியில் வழுக்கும், பார்த்துப் போ டார்லிங்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வீட்டம்மா ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. வாங்கியதை வைத்துக்கொண்டு சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால், பெட்டியைத் திறந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அவர் அதை முகர்ந்து பார்த்து, கோழிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆண்டவன் உன்னைக் காப்பாற்றட்டும் என்று சொல்லிப் போனார்.

திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை நடத்துகிறவனுக்கு லண்டனில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பட்டிமன்றம் பேச வந்தேன். மேடையில் நான் பேசுவதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கியதுதான். அதற்காக என்னை ஒரு தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டு, டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்து, செயலாளர் மணிமாறன் வீட்டில் தங்கவும் ஏற்பாடு செய்திருந்தது.

மணிமாறன் ஈப்போவில் பிறந்தவர். படிக்க வந்து, கணக்காளர் வேலை கிடைத்து, அப்படியே இருந்துவிட்டவர். மனைவி வசந்தி யாழ்ப்பாணம். கவுன்சில் அலுவலகத்தில் வேலை. அந்த வீட்டில் தமிழ் இரண்டு குழாயில் வரும். காலையில் அவர், "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்பார். மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயராம். பசியை ஆற்றுவது! நாங்கள் 'டிபன்' என்று சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறோம். வசந்தியோ, "இன்னும் ரெண்டு இடியப்பம் எடுங்கோ அண்ணை, என்ன கூச்சம்?" என்று சொதியை ஊற்றுவார். என் கூச்சம் முதல் நாளோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை பட்டிமன்றம் முடிந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். அன்று நான் என்ன தீர்ப்புச் சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் நடந்த இன்னொரு பட்டிமன்றம்தான் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை வசந்தியோடு ஈஸ்ட் ஹாமுக்குக் காய்கறி வாங்கப் போனேன். மாடி பஸ். மேல் தளத்தில் முன் இருக்கை கிடைத்துவிட்டால் ஓட்டுநர் நாம்தான் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. நானும் வளைவுக்கு வளைவு காலால் பிரேக் போட்டேன். கடையில் கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாம் எடுத்து முடித்து, பழக்க தோஷத்தில், "தம்பி, கொஞ்சம் கறிவேப்பிலை போடுப்பா" என்று கையை நீட்டினேன். கடைக்காரர் பிளாஸ்டிக் பையில் அடைத்த பத்து இலையைக் காட்டி விலை சொன்னார்.

"கொசுறுக்கு விலையா?"

"அண்ணை, உது நடந்தே வந்தது? பிளேனிலை வந்தது" என்றார் அவர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே காசு கொடுத்தேன். சிரிப்பு மட்டும் இலவசம்.

வீட்டுக்கு வந்ததும் வெங்காயத்தை எங்கே வைப்பது என்று தேடினேன். சமையலறை வாசலில் அழகான பிரம்புக் கூடை ஒன்று, மூடியும் தோல் வாருமாக, காலியாக இருந்தது. வெங்காயத்தை அதில் கொட்டப் போனேன்.

"ஐயோ அண்ணை, அதுக்குள்ளை வையாதேங்கோ! அது காசினோக்காரற்றை கூடை. திருப்பிக் குடுக்க வேணும்."

அப்படித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மணிமாறன் போக்கர் ஆடுகிறவர். கிறிஸ்துமஸுக்கு அவர் போகும் காசினோ, கேக்கும் பிஸ்கட்டும் ஜாமுமாக அந்தக் கூடையை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. எல்லாம் தின்று முடிந்தது. கூடை மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தது.

"அது பரிசுலா" என்றார் மணிமாறன், இரவுச் சாப்பாட்டில், அவர் ஊர் 'லா'வைச் சேர்த்து. "கூடையும் சேர்த்துத்தான் பரிசு. இந்த ஊர்ல யாரு கூடையத் திருப்பிக் கேட்கிறான்?"

"கேட்டால்தான் குடுக்கிறதோ? சாமான் வந்த ஏனத்தைக் கழுவி, அதுக்குள்ளை ஏதும் வைச்சுத்தான் திருப்பி அனுப்பிறது. அம்மா வீட்டிலையும் அப்படித்தான், இஞ்சையும் அப்படித்தான்."

"பக்கத்து வீட்டுக்குச் சரி. காசினோவுக்குமா?"

"அவையள்தானே சொந்தக்காரர் மாதிரிப் பலகாரம் அனுப்பினவை. நான் அனுப்பச் சொன்னனானே?"

கூடைக்குப் பின்னால் வேறொன்று இருந்தது என்பது சோற்றுக்கு ரசம் வந்தபோது தெரிந்தது. வருகிற சனிக்கிழமை அவர்களுடைய வெள்ளிவிழா, அதாவது கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அதற்குக் காசினோ, பக்கத்து ஹோட்டலில் இருவருக்கும் ஓர் இரவு அறையும் விருந்தும் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரு பைசா செலவில்லை. மேசையில் உட்கார்ந்து ஆடும் நேரத்துக்குப் புள்ளி உண்டாம். மணிமாறன் இன்னும் கொஞ்சம் ஆடினால் அறை உறுதி. வசந்தியோ வீட்டில் நாலு பேரைக் கூப்பிட்டுச் சமைத்துப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"நீங்கள் போங்கோ. அறை பெரிசாத்தான் இருக்கும், நல்லாக் காலை நீட்டிப் படுங்கோ. நான் வரமாட்டன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ரசத்தைத்தான் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றினார்.

மணிமாறன் என்னை நடுவராக்கினார். "அண்ணே, நீங்க சொல்லுங்க. போக்கர்ல நான் காசினோவை எதிர்த்து ஆடல. எதிர்ல இருக்கிற ஆளை எதிர்த்து ஆடறேன். காசினோ மேசை போட்டுக் கொடுக்குது, அதுக்கு ஒவ்வொரு ஆட்டத்துலயும் நடுவுல சேர்ற காசுல கொஞ்சம் கிள்ளிக்குது. அது என் காசு. அதுலதான் எனக்குச் சாண்ட்விச் கொடுக்கிறான். என் காசை நான் திரும்பத் திங்கிறேன், தப்பா? உங்க ஊர்ல கறிவேப்பிலை சும்மா போடுறாங்கல்ல, அது மாதிரிதான்லா."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எங்கள் தொழிலில் பெயிண்ட் டின்னுக்குள்ளேயே டோக்கன் போட்டு வருவார்கள், பெயிண்டருக்காக. எந்த டின்னில் டோக்கன் பெரிதோ அந்த நிறுவனத்தின் பெயிண்ட்தான் உங்கள் சுவருக்கு நல்லது என்று பெயிண்டர் அடித்துச் சொல்வார். அவர் பொய் சொல்வதில்லை. டோக்கன் கைக்கு வந்த பிறகு அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றும். இதைச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் வசந்தி முந்திக்கொண்டார்.

"கறிவேப்பிலை குடுக்கிறவன், கெதியா வீட்டை போய்ச் சமைச்சுச் சாப்பிடு எண்டு குடுக்கிறான். உவங்கள், வீட்டை போகாதை எண்டெல்லோ குடுக்கிறாங்கள்."

நடுவரான நான் அப்பளத்தை நொறுக்கினேன். தீர்ப்பை ஒத்திவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஊர் சுற்றிக் காட்ட மணிமாறன் லீவு போட்டார். பாலம் பார்த்தோம். கடிகாரக் கோபுரத்தை ரயிலுக்குப் போகிற அவசரத்தில் பார்த்தோம். மதியம் இரண்டு மணிக்கே ஊர் சுற்றி முடிந்து காசினோ வாசலில் நின்றிருந்தோம். எனக்காகப் போட்ட லீவு இவ்வளவு கச்சிதமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் குளிருக்குக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு டிபன் பெட்டி, அதில் ரொட்டியும் சம்பலும். இவர்தான் நேசன். ஃபாரஸ்ட் கேட்டில் பெட்ரோல் நிலையம் வைத்திருக்கிறார். மணிமாறனின் சீட்டுத் தோழர், சீட்டு எதிரி.

"உள்ள சூடா டீ இருக்கு, சும்மா. இவரு வெளிய குளிர்ல குடிக்கிறாரு. பைத்தியம்லா" என்று மணிமாறன் அறிமுகம் செய்து வைத்தார்.

"நான் அவையின்ரை தண்ணியும் குடிக்க மாட்டன்" என்றார் நேசன். "உள்ளுக்கை இதைத் திறக்க விடமாட்டாங்கள். அதுதான் இஞ்சை."

"ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, மேசையிலை இருக்கிறவன் எழும்பி வீட்டை போறதுக்கு மூண்டு காரணம்தான் இருக்கு. பசி, நித்திரை, மனுசி. பசிக்கு முதலே சாப்பாடு வந்திடும். நித்திரைக்கு அறை தாறாங்கள். ரெண்டு காரணம் போச்சு. இப்ப மணிமாறனுக்குப் பாருங்கோ, மனுசியையும் கூட்டிக்கொண்டு வா எண்டு மூண்டாவதுக்கும் விலை பேசுறாங்கள்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். பட்டிமன்றத்தில் இப்படி ஒரு வரி சிக்கினால் கைதட்டல் அடங்க நேரமாகும். மணிமாறன் கைதட்டவில்லை. "குளிர்ல ரொட்டி கல்லாயிரும், சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே கால் புதையும் கம்பளம். ஆடாத எனக்கும் டீ வந்தது. ஓரம் வெட்டிய சாண்ட்விச் முக்கோணம் முக்கோணமாக வந்தது. எங்கள் ஊர் நகைக் கடையில் உட்கார வைத்துக் கலர் உடைத்துக் கொடுப்பார்கள். குடித்த பிறகு, "சும்மா பார்க்கத்தான் வந்தோம்" என்று எழுந்து வர எந்தக் குடும்பத்தால் முடிந்திருக்கிறது? ஒரு மூக்குத்தியாவது வாங்கிக்கொண்டுதான் வருவோம்.

மணிமாறனுக்கும் அதுதான் நடந்தது. தட்டு வரும்வரை நன்றாகத்தான் ஆடினார். சீட்டு சரியில்லை என்றால் கவிழ்த்து, அந்த ஆட்டத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். இறால் பொரியல் வந்தது. சாப்பிட்டுக் கையைத் துடைத்ததும் என்னிடம் கிசுகிசுத்தார்: "போகலாம்ணே, ஆனா சாப்பிட்ட கையோட எழுந்து போறது மரியாதை இல்லை. கொஞ்சம் ஆடிட்டுப் போவோம்." அதற்குப் பிறகு எந்தச் சீட்டையும் அவர் கவிழ்க்கவில்லை. பரிமாறியவர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் சாப்பிடும் விருந்தாளி மாதிரி, வந்த சீட்டையெல்லாம் ஆடினார். எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் அந்த மரியாதையைப் பணமாகப் பெற்றுக்கொண்டிருந்தார். ஓர் ஈப்போக்காரரின் விருந்தாளிப் பண்பு லண்டன் காசினோவுக்கு இவ்வளவு உபயோகமாக இருக்கும் என்று, இறாலைப் பொரித்தவருக்குக்கூடத் தெரிந்திருக்காது.

எங்களுக்குப் பின்னால் வந்து அதே மேசையில் உட்கார்ந்திருந்த நேசன் பாதியில் எழுந்தார். "வயிறு கூப்பிடுது" என்று மேசைக்கே சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

புதனும் வியாழனும் மணிமாறன் அலுவலகத்திலிருந்து நேரே காசினோவுக்குப் போனார், புள்ளி சேர்க்க. வியாழக்கிழமை வீட்டில் பயறு வறுத்த வாசம். வசந்தி பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுட்டுக்கொண்டிருந்தார்; அரியதரம் என்பது எங்கள் ஊர் அதிரசம்தான். நான் வெல்லம் நசுக்கினேன்.

"அவர் கொண்டு போக மாட்டாராம், வெட்கமாம்" என்றார். "நானே கொண்டு போறன். நீங்கள் ஒரு கை பிடிப்பியள்தானே அண்ணை?"

சாப்பிட்ட வீட்டில் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இல்ஃபோர்டிலிருந்து கூடையும் நாங்களும் புறப்பட்டோம். சிக்னல் கோளாறு என்று ஸ்ட்ராட்ஃபோர்டில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். சுரங்க ரயிலுக்குள் கூடையை மடியில் வைத்தபடி நெருக்கி உட்கார்ந்தேன். நெய், ஏலக்காய் வாசம் பெட்டி முழுக்கப் பரவியது. எதிரே இருந்த பெண் தன் தோழியிடம், "நாய்க்குட்டியாக இருக்கும்" என்றாள். "நாய்க்குட்டி இவ்வளவு நன்றாக மணக்காது" என்றாள் தோழி.

அரைநாள் லீவு போட்டிருந்த மணிமாறன் எங்களைக் காசினோ வரவேற்பறையில் பார்த்ததும், ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி எழுந்து நின்றார். ஆட்டக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் பெண் வந்தாள். மோனிகா என்று பெயர். கூடையை அனுப்பியவளும், அறைக்கு ஏற்பாடு செய்தவளும் அவள்தான். நல்ல சிரிப்பு. வசந்தி ஆங்கிலத்தில், கவுன்சில் அலுவலகத்துத் தோரணையில், கூடை வந்ததற்கு நன்றி, இது எங்கள் பொங்கல் பலகாரம், வெறும் கூடையைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை என்று சொல்லி மூடியைத் திறந்தார்.

மோனிகா குனிந்து முகர்ந்தாள். அவள் கை தானாகப் பாதி தூரம் வந்தது. பிறகு நின்றது.

"மன்னிக்க வேண்டும் மேடம். வாடிக்கையாளர்களிடமிருந்து நாங்கள் எதையும் வாங்கக் கூடாது."

"இது பலகாரம்தானே. காசு இல்லையே."

"சாக்லேட் ஒன்றுகூடக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றைக்கே அதற்கென்று வகுப்பு எடுத்தார்கள்."

"ஒரு பணியாரத்துக்கா வகுப்பு?"

மோனிகா உண்மையாகவே வருத்தப்பட்டு விளக்கினாள். "நீங்கள் நல்ல மனதோடுதான் தருகிறீர்கள். ஆனால் வாங்கிவிட்டால் எனக்கு உங்கள் கணவரைப் பிடித்துப்போகும். அவருக்கு மாட்டேன் என்று சொல்லக் கஷ்டமாக இருக்கும். எனக்கே தெரியாமல் நான் மாறிவிடுவேன். அதனால்தான் விதி."

வசந்தி மூடியை மெதுவாக மூடினார். வாரை மாட்டினார். பிறகு கணவர் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"இஞ்சாருங்கோ, கேட்டியளே? அவையின்ரை ஆக்கள் ஒரு பணியாரத்திலை கெட்டுப் போயிடுவினமாம். அதுக்கு வகுப்பு எடுக்கினமாம். உங்களுக்கு மட்டும் கூடை கூடையா அனுப்பலாமாம்."

மோனிகா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டாள். "உங்கள் விதி மிக நல்ல விதி என்று சொல்கிறார்கள்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

மணிமாறன் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் நேசன், பிளாஸ்கோடு. விஷயத்தைக் கேட்டதும் தொடையில் தட்டிச் சிரித்தார். வசந்தி கூடையை அவர் முன்னால் திறந்தார்.

"எடுங்கோ நேசன் அண்ணை."

"எனக்கு வேண்டாம் தங்கச்சி. நான் ஒருத்தரிட்டையும்…"

"காசினோக்காரரும் இதைத்தான் சொன்னவை. நீங்களும் வேண்டாம் எண்டால், பிறகு உங்களுக்கும் அவைக்கும் என்ன வித்தியாசம்?"

நேசன் ஒரு பணியாரம் எடுத்தார். பிறகு எண்ணிக்கை வேண்டாம், தாராளமாக எடுத்தார்.

நாங்கள் தின்றுகொண்டிருக்கும்போது மணிமாறன் திடீரென்று எழுந்து மறுபடி உள்ளே போனார். வசந்தி கையிலிருந்த அரியதரத்தைக் கடிக்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேசைக்குப் போயிட்டார்" என்று முணுமுணுத்தார் நேசன். அவரும் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

கதவு திறந்தது. மணிமாறன் வந்து வசந்தி முன்னால் நின்றார்.

"கேன்சல் பண்ணிட்டேன். ரூமும் வேணாம், சாப்பாடும் வேணாம்னுட்டேன். நாளைக்கு நம்ம வீட்டுலதான்."

வசந்தி அவர் கையையே பார்த்தார். அதில் டிஷ்யூத் தாளில் சுற்றிய முக்கோண சாண்ட்விச் ஒன்று இருந்தது. மணிமாறனும் அப்போதுதான் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இது… வர்ற வழியில தட்டு இருந்துச்சு. பழக்கத்துல கை எடுத்துருச்சுலா."

வசந்தி சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாண்ட்விச்சைப் புறாக்களுக்குப் போட்டோம். லண்டன் புறாக்களுக்கு எந்த வகுப்பும் எடுத்ததாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் விருந்து. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பாயசம். மணிமாறன் புது வேட்டி கட்டி, தானே எல்லோருக்கும் பரிமாறினார். நேசன் வாசலில் வந்து நின்றார், கையில் பிளாஸ்க்.

"இதென்ன, என்ரை வீட்டுக்கும் உதோ?" என்றார் வசந்தி.

"கை பழகிப் போச்சு தங்கச்சி." அவர் முகத்தில் நேற்று மணிமாறன் முகத்தில் இருந்த அதே அசடு. வசந்தி பிளாஸ்கைப் பறித்து, டீயைத் தொட்டியில் ஊற்றினார்.

சாப்பாட்டின் நடுவில் மணிமாறன் கரண்டியால் தட்டைத் தட்டினார். "அண்ணே, ஒத்திவச்ச தீர்ப்பு என்னாச்சு? போக்கர் ஆடுறவன் காசினோ கொடுக்கிறதை வாங்கலாமா, கூடாதா? நான் அறையைத்தான் விட்டேன், என் கட்சியை விடலை. சாண்ட்விச் என் காசுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தட்டில் மூன்றாவது தடவை போட்ட கறி. வந்த நாளிலிருந்து இந்த வீட்டு இடியப்பம், இந்த வீட்டுக் கம்பளி, இவர்கள் சங்கத்து டிக்கெட், பொன்னாடை, கடிகாரம்.

"மோனிகாவின் விதிப்படி," என்றேன், "இந்த நடுவர் தீர்ப்புச் சொல்லும் தகுதியை இழந்து ஒரு வாரம் ஆகிறது."

"நல்லாத் திண்ட நடுவர்!" என்று நேசன் கத்தினார். "இவரை முதல் நாளே வாங்கிப் போட்டியள் தங்கச்சி."

"பின்னை? இடியப்பம் சும்மாவே அவிச்சனான்?" என்று இன்னொரு கரண்டி கறி போட்டார் வசந்தி.

நேசன் புறப்படும்போது வசந்தி பிளாஸ்கைக் கொண்டு வந்து கொடுத்தார். வாங்கியவர் அதன் கனத்தை உணர்ந்து திகைத்தார். மூடியைத் திருகிப் பார்த்தார். உள்ளே பாயசம், சூடாக.

"தங்கச்சி, எனக்கு உந்தப் பழக்கம்…"

"வெறும் ஏனம் திருப்பிக் குடுக்கிற பழக்கம் இந்த வீட்டிலை இல்லை அண்ணை."

நேசன் மணிமாறனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோற்றவரைப் போல மூடியை இறுக்கி, பிளாஸ்கைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.